சாம்பல் போன வழி

ஒடிசாவின் அங்குல் மாவட்டத்தில், பிராமணி ஆற்றுப் பக்கம் இருக்கிறது தால்சர் நிலக்கரி வயல். அங்கே வெட்டியெடுத்த கரிக்கட்டி ஒன்றை உடைத்துப் பார்த்தால், கறுப்புக்கு ஊடே மங்கலான களிமண் ஏடுகள் வரிவரியாகத் தெரியும். இந்த வயலின் கரி நின்ற இடத்திலேயே புதைந்த காட்டிலிருந்து வந்ததல்ல. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் மரஞ்செடிகளை வண்டலோடு சேர்த்து அடித்து வந்து படியவைத்தது என்பது புவியியலாளர் பலரின் கருத்து. கரிக்குள் இருக்கும் அந்த வண்டல் எரிவதில்லை. இறக்குமதிக் கரியில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு சாம்பல் என்றால், நம் நாட்டுக் கரியில் 30 முதல் 45 பங்கு. தீ மூட்டுவதற்கு முன்பே சாம்பல் அங்கே இருக்கிறது. அது தால்சரிலிருந்து கிளம்பி எங்கெங்கே போய்ச் சேருகிறது, போகும் வழியில் எந்தச் சட்டம் அதை நிறுத்திக் கேள்வி கேட்கிறது என்பதைத்தான் இங்கே தொடர்ந்து பார்க்கப் போகிறேன்.

கரி ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்குப் போய், அங்கிருந்து கப்பலேறி எண்ணூர் வருகிறது. தமிழக அரசின் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் இதற்கென்றே கப்பல் வைத்திருந்தது. தமிழ் அண்ணா, தமிழ் பெரியார், தமிழ் காமராஜ் என்று அவற்றுக்குப் பெயர். 2001இல் எண்ணூர்த் துறைமுகம், இன்றைய காமராஜர் துறைமுகம், இயங்கத் தொடங்கியதும் முதன்மையாக மின்வாரியத்தின் கரிக்காகத்தான். நூறு டன் கரியைக் கடல் வழியே கொண்டுவந்தால், அதில் முப்பத்தைந்து நாற்பது டன் வெறும் மண். காசு கொடுத்து வாங்கி, ரயில் கூலி, கப்பல் கூலி எல்லாம் கொடுத்து, ஒடிசாவின் மண்ணை எண்ணூரில் இறக்குகிறோம்.

இதைத் தடுக்க ஒரு விதி இருந்தது. சுரங்கத்திலிருந்து 500 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் மின் நிலையங்கள், 34 சதவீதத்துக்கு மேல் சாம்பல் உள்ள கரியைப் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2014 ஜனவரியில் அறிவித்து, படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கரியைக் கழுவி அனுப்பினால் இந்த அளவுக்குள் வரும். 2020 மே 21 அன்று அந்த வரம்பையே எடுத்துவிட்டார்கள். கரியைக் கழுவினால் சுரங்கத்து ஊர்களில் கழிவு குவிகிறது, சாம்பலைப் பிடித்துப் பயன்படுத்தும் வசதி மின் நிலையத்தில் இருக்கிறது என்பது அரசு சொன்ன காரணம். கழுவும் ஆலைகளால் அந்த ஊர்கள் படும் பாடு உண்மைதான். ஆனால் அதற்கான தீர்வு அந்த ஆலைகளைக் கட்டுப்படுத்துவதில் இருக்கிறது. வரம்பை நீக்கியதால் சுமை இடம் மாறி, கரையோர மக்கள் தலையில் வந்து இறங்கியது. சாம்பலைக் கட்டுப்படுத்தும் வேலை எண்ணூரில் தொடங்க வேண்டியதே இல்லை, தால்சரிலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

எண்ணூர் முகத்துவாரத்தைச் சுற்றி மூன்று பெரிய அனல் மின் நிலையங்கள் இயங்கியிருக்கின்றன. பழைய எண்ணூர் நிலையம் 2017இல் மூடப்பட்டது. மின்வாரியத்தின் வட சென்னை நிலையம் 1990களில் 630 மெகாவாட்டோடு தொடங்கி, பிறகு 1,200 மெகாவாட் சேர்ந்து, 2024இல் இன்னொரு 800 மெகாவாட் அலகும் திறக்கப்பட்டது. வல்லூரில் 1,500 மெகாவாட் நிலையம்; என்டிபிசியும் மின்வாரியமும் சேர்ந்து நடத்துவது.

கொதிகலனுக்குள் போகுமுன் கரியை முகத்துக்குப் பூசும் பவுடர் அளவுக்கு அரைத்துக் காற்றோடு ஊதுகிறார்கள். ஆயிரத்து முந்நூறு டிகிரிக்கு மேற்பட்ட சுவாலையில் கரி எரிந்து தீர, கூட வந்த வண்டல் உருகித் துளித்துளியாகிறது. துளிகள் புகையோடு மேலேறிக் குளிரும்போது கண்ணாடி உருண்டைகளாக இறுகுகின்றன. மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு குறுக்களவுள்ள உருண்டைகள். உள்ளே வெற்றிடம் விழுந்த சில உருண்டைகள் தண்ணீரில் மிதக்கும். கரியிலிருந்த ஆர்சனிக், குரோமியம், காரீயம், செலினியம் போன்றவை எரிந்து மறைவதில்லை. கரியின் பெரும்பகுதி எரிந்துபோவதால், மிஞ்சும் சாம்பலில் அவற்றின் அடர்த்தி கூடுகிறது. ஐந்தில் ஒரு பங்கு சாம்பல் கட்டி கட்டியாகக் கொதிகலனின் அடியில் விழும். மிச்சம் புகையோடு பறக்கும். அதை மின்னேற்றம் செய்து தகடுகளில் ஒட்டவைத்து, தட்டி உதிர்த்துக் கீழே பெரிய தொட்டிகளில் சேர்க்கிறார்கள். அதுதான் ஃப்ளை ஆஷ்.

தொட்டியிலிருந்து அதற்கு இரண்டு வழிகள்.

ஒன்று உலர் வழி. காற்றழுத்தத்தில் சைலோ என்னும் உயரமான சேமிப்புக் கலத்துக்குப் போய், அங்கிருந்து பல்கர் லாரியில் ஏறி, சிமெண்ட் ஆலைக்கோ செங்கல் சூளைக்காரரின் போட்டியான ஃப்ளை ஆஷ் கல் அறுக்கும் பட்டறைக்கோ போகிறது. கட்டட வேலை நடக்கும் இடத்தில் கிடக்கும் சிமெண்ட் மூட்டையைத் திருப்பிப் பாருங்கள். பிபிசி (போர்ட்லண்ட் பொசோலானா சிமெண்ட்) வகை என்றால், எத்தனை சதவீதம் ஃப்ளை ஆஷ் சேர்த்திருக்கிறது என்று அச்சடித்திருக்கும். 15 முதல் 35 வரை சேர்க்க இந்தியத் தர நிர்ணயம் இடம் தருகிறது. சிமெண்ட் தண்ணீரோடு சேரும்போது வெளிப்படும் சுண்ணாம்பு, சாம்பலில் உள்ள சிலிக்காவோடு வினைபுரிந்து கூடுதல் பிணைப்பாகிறது. காங்கிரீட்டின் துளைகள் அடைபடும், உப்புநீர் உள்ளே புகுவது குறையும். கரையோரக் கட்டடங்களுக்கு இது மெய்யான நன்மை. சுண்ணாம்புக்கல் வெட்டுவதும் அதைச் சுட எரிபொருள் செலவழிப்பதும் குறைகின்றன. சாம்பலும் கல்லுக்குள் கட்டுண்டு கிடக்கிறது.

இந்த வழி தானாகத் திறக்கவில்லை. 1996-97இல் நாட்டில் உண்டான 6.9 கோடி டன் சாம்பலில் பத்தில் ஒரு பங்குகூடப் பயன்படவில்லை. 1999 செப்டம்பர் 14 அன்று வந்த அறிவிக்கை, அனல் மின் நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் செங்கல் செய்பவர்கள் குறைந்தது 25 சதவீதம் சாம்பல் கலக்க வேண்டும், மின் நிலையங்கள் பத்தாண்டுகளுக்கு அதை இலவசமாகத் தர வேண்டும் என்றது. 2003இல் அந்தச் சுற்றளவு 100 கிலோமீட்டரானது. 2016இல் 300 ஆனது. 100 கிலோமீட்டர் வரை லாரி வாடகை முழுதும் மின் நிலையத்தின் பொறுப்பு, அதற்கு மேல் பாதிப் பாதி என்று அப்போது விதித்தார்கள். 2020-21இல் உண்டான 23 கோடி டன்னில் 92 சதவீதம் பயன்பட்டதாக மத்திய மின்சார ஆணையம் கணக்குக் காட்டியது. கால் நூற்றாண்டில் இது சாதனை என்பதில் எனக்கு மறுப்பில்லை.

இரண்டாவது வழி ஈர வழி. சைலோ நிரம்பினால், வாங்க ஆளில்லாவிட்டால், உலர் அமைப்பு பழுதானால், சாம்பலைக் கடல் நீரில் கரைத்துக் குழாயில் தள்ளிவிடுகிறார்கள். ஒரு பங்கு சாம்பலுக்குப் பல பங்கு தண்ணீர். வட சென்னை நிலையத்திலிருந்து அந்தக் குழாய்கள் உப்பங்கழியைக் கடந்து, செப்பாக்கத்தில் இருக்கும் சாம்பல் குளத்துக்குப் போகின்றன. கண்ணாடித் துகள் கலந்த உப்புநீர் இரவும் பகலும் ஓடினால் எந்த இரும்பும் தேயும். பல ஆண்டுகளாக அந்தக் குழாய்கள் இணைப்புகளில் பீச்சியடித்தன, அடிப்பக்கம் ஓட்டை விழுந்து ஒழுகின. ஒழுகியதெல்லாம் கொசஸ்தலை ஆற்றில்.

கொசஸ்தலை கடலைத் தொடுமுன் எண்ணூரில் அகன்ற கழிமுகமாக விரிகிறது. ஓதம் ஏறி இறங்கும் நீர். இறால் பகலில் சகதிக்குள் புதைந்து கிடக்கும். இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் தடவிப் பிடிக்கும் இருளர்களின் பிழைப்பு அந்தச் சகதியின் இளக்கத்தில் இருக்கிறது. நண்டு வளை தோண்டுவதும் மட்டி ஒட்டி வளர்வதும் அதே மண்ணில்தான். குழாய் ஒழுகும் பக்கம் வற்றும் நேரத்தில் இறங்கினால், காலுக்கடியில் வழுவழுவென்று மங்கல் நிற மாவு. அது படிந்த இடத்தில் வளை நிற்காது, மட்டி மூச்சுவிடாது. வலையில் அப்பினால் அலசி மாளாது. ஆழம் குறைந்த இடத்தில் படகு தட்டுகிறது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் மீனவர்கள் ஆண்டுக்கணக்காக மனு மேல் மனு கொடுத்தது இதைப் பற்றித்தான். 2017 ஜனவரியில் டி.எம். கிருஷ்ணா பாடி வெளிவந்த 'சென்னை பொறம்போக்கு பாடல்' காணொளி எண்ணூரில் படமானது. கபேர் வாசுகி எழுதிய அந்தப் பாட்டுக்குப் பிறகுதான் சென்னையின் தெற்குப் பக்கம் பலருக்கு இந்த வெளி கண்ணில் பட்டது.

இது மீனவர்களின் வருமானம் சம்பந்தப்பட்டது மட்டும் அல்ல. பூண்டியிலிருந்து திறந்துவிடும் வெள்ளமும் புழல் ஏரியின் உபரியும் கடலுக்குப் போக இந்த முகத்துவாரத்தைத்தான் நம்பியிருக்கின்றன. ஆற்றின் படுகையில் சாம்பல் ஏறினால், மழைக்காலத்தில் அந்தத் தண்ணீர் வட சென்னை வீடுகளுக்குள் இடம் தேடும்.

செப்பாக்கத்தில் நிலைமை வேறு விதம். ஊருக்கு அருகிலேயே குளத்தின் கரை. காற்றடிக்கும் மாதங்களில் காய்ந்த மேற்பரப்பு கிளம்பி வந்து சோற்றுப் பானையில் விழும். மழையில் குளத்து நீர் ஊருக்குள் வரும். அந்தக் காலத்தில் வெட்டிய சாம்பல் குளங்கள் பலவற்றுக்கு அடியில் விரிப்பு கிடையாது, உள்ளே தேங்கும் நீர் மண்ணுக்குள் இறங்க எதுவும் தடுப்பதில்லை. 2022 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, ஆற்றில் படிந்த சாம்பலுக்கு மின் நிலையத்தை நடத்திய மின்வாரிய நிறுவனமான டான்ஜெட்கோவே பொறுப்பு என்று தீர்ப்பளித்து, சீரமைக்கவும் உத்தரவிட்டது. கரை உடைந்தால் என்னாகும் என்பதை நாடு வேறிடத்தில் பார்த்துவிட்டது. 2020 ஏப்ரல் 10 அன்று மத்தியப் பிரதேசம் சிங்ரௌலி மாவட்டத்தின் சாசனில் சாம்பல் குளம் உடைந்து ஆறு பேர் இறந்தார்கள்.

இப்போது அந்த 92 சதவீதக் கணக்குக்கு வருகிறேன். அதில் சிமெண்ட்டுக்குப் போனது ஏறத்தாழக் கால் பங்கு. செங்கல், சாலை மேடு, சுரங்கக் குழி என்று மற்றவை. தாழ்வான நிலத்தை நிரப்பியது கணிசமான பங்கு. சாம்பல் குளத்தின் கரையைச் சாம்பலாலேயே உயர்த்தியதும் அந்த அட்டவணையில் பயன்பாடுதான். காங்கிரீட்டுக்குள் கட்டுண்ட ஒரு டன்னும், ஏதோ ஒரு பள்ளத்தில் உதிரியாகக் கொட்டிய ஒரு டன்னும் அங்கே சமம். எடை மட்டும் கணக்கில் ஏறுகிறது, போய்ச் சேர்ந்த இடம் ஏறுவதில்லை. மண்ணில் உதிரியாகக் கிடக்கும் சாம்பல்மீது மழை இறங்கும், அதன் வழியே கசிந்து நிலத்தடி நீருக்குப் போகும்.

அமெரிக்கா இந்த வேறுபாட்டைப் பெரும் விபத்துக்குப் பிறகு சட்டத்தில் எழுதியது. 2008 டிசம்பர் 22 அதிகாலையில் டென்னசி மாநிலத்தின் கிங்ஸ்டன் மின் நிலையத்தில் சாம்பல் குளத்துக் கரை சரிந்து, சுமார் 41 லட்சம் கன மீட்டர் சேறு 300 ஏக்கரில் பரவி ஆற்றை நிரப்பியது. தோண்டியெடுத்த சாம்பலில் பெரும்பகுதியை ரயிலேற்றி, அலபாமாவில் கறுப்பின ஏழை மக்கள் வாழும் யூனியன்டவுன் பக்கத்துக் குப்பைக் கிடங்கில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். 2015இல் வந்த கூட்டாட்சி விதிகள் சாம்பலை அபாயக் கழிவு என்று அறிவிக்கவில்லை, அது குறைதான். ஆனால் கட்டுண்ட சாம்பலையும் உதிரிச் சாம்பலையும் பிரித்தன. சாலை அல்லாத இடத்தில் 12,400 டன்னுக்கு மேல் உதிரியாகக் கொட்டுவதானால், அதனால் நீருக்கும் மண்ணுக்கும் காற்றுக்கும் வழக்கமான நிரப்புப் பொருளைவிடக் கூடுதல் கேடு வராது என்று நிரூபித்தால்தான் அது பயன்பாடு. நிரூபிக்காவிட்டால் அது கழிவைக் கொட்டியது.

நம் சட்டம் இந்தப் பக்கம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. தாழ்நிலம் நிரப்ப மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். மேலே மண் போர்த்தவும் நிலத்தடி நீரைக் கண்காணிக்கவும் வழிகாட்டுதல்கள் உண்டு. 2021 டிசம்பர் 31 அறிவிக்கை, மூன்றாண்டுச் சராசரியாக நூறு சதவீதப் பயன்பாட்டைக் கட்டாயமாக்கியது. தவறினால் டன்னுக்கு ரூ.1,000 இழப்பீடு. இந்த அபராதம் சரியானது, வெகுநாள் முன்பே வந்திருக்க வேண்டும். ஆனால் அபராதத்துக்குப் பயந்து சாம்பலை வெளியேற்றத் துடிக்கும் நிலையத்துக்கு, பக்கத்தில் கிடைக்கும் மலிவான இடம் எது? கரையோரத்தில் தாழ்ந்த நிலம் என்பது உப்பளமும் சதுப்பும் ஏரிப் புறம்போக்கும்தான். தண்ணீர் நிற்கும் சதுப்பு நிலங்களில் சாம்பலைப் போடுவதை முழுக்கத் தடைசெய்ய வேண்டும். அனுமதி கேட்கும் வழியே அங்கே இருக்கக் கூடாது.

குளங்களில் ஏற்கெனவே தேங்கிய பழைய சாம்பலை 2022 ஏப்ரல் 1 முதல் பத்தாண்டுக்குள் எடுத்துத் தீர்க்க வேண்டும் என்கிறது அதே அறிவிக்கை. குளத்தை நிலைப்படுத்தி மேலே பசுமைப் பட்டையோ சூரிய மின் தகடுகளோ அமைத்துவிட்டால் விலக்கும் தருகிறது. உள்நாட்டில் வறண்ட மேட்டு நிலத்தில் அது பொருந்தலாம். செப்பாக்கத்தில் பொருந்தாது. ஓதம் தொடும் மண்ணின்மேல் மரம் நட்டாலும் கீழே சாம்பல் கிடக்கும். அந்தக் குளத்தைக் காலிசெய்துதான் ஆக வேண்டும். அதற்கு முன் அங்கே குடியிருப்பவர்கள் கேட்கும் மாற்று இடம் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும்.

மின் நிலையங்கள் மாதந்தோறும் சாம்பல் கணக்கை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்பதும் 2021 அறிவிக்கையில் இருக்கிறது. அந்தப் பதிவில் ஒவ்வொரு லோடும் இறங்கிய நிலத்தின் சர்வே எண், ஊராட்சிப் பெயர், அங்கே நிலத்தடி நீர் எத்தனை அடியில் இருக்கிறது என்ற விவரம் யாரும் திறந்து பார்க்கும்படி இருக்க வேண்டும். செப்பாக்கத்துச் சாம்பலைத் தோண்ட முதல் பொக்லைன் இறங்குமுன், அது போகப்போகும் ஊர்களின் பட்டியல் அந்தந்த ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டப்பட வேண்டும். அந்த மக்கள் வேண்டாம் என்றால் லாரி அங்கே போகக் கூடாது.