அதைவிட மோசம்: ஒரு சிரிப்பு ஆல்பத்தில் மொக்கைப் பாட்டு எது?

இருப்புநிலைக் குறிப்புக்கும் வருமான வரிக்கும் ஒரு நாள் லீவு விட்டாச்சு. இன்னிக்குக் கொஞ்சம் பாட்டு வரலாறு.

எந்த ஆல்பமாக இருந்தாலும் ரசிகர்கள் இரண்டு விஷயத்துக்குச் சண்டை போடுவார்கள். எது சூப்பர், எது மொக்கை. முதல் சண்டை சீக்கிரம் முடிந்துவிடும். இரண்டாவது லேசில் முடியாது. அதிலும் நகைச்சுவைப் பாட்டு ஆல்பம் என்றால் கேட்கவே வேண்டாம். சாதாரணப் பாட்டு பிடிக்கவில்லை என்றால் "மெட்டு சரியில்லை" என்று சொல்லிவிட்டுப் போகலாம். சிரிப்புப் பாட்டு பிடிக்கவில்லை என்றால் "இதுக்கெல்லாமா சிரிப்பே?" என்று எதிரில் இருப்பவனையே கேட்ட மாதிரி ஆகிவிடும். அவனுக்குக் கோபம் வராமல் இருக்குமா?

இதற்கு நல்ல உதாரணம் ஒரு அமெரிக்க ஆல்பம். பெயர் 'ஈவன் வர்ஸ்'. பாடியவர் 'வியர்ட் ஆல்' யாங்கோவிக். வெளிவந்தது 1988 ஏப்ரலில். இந்த ஆல்பத்தின் மொக்கைப் பாட்டு எது என்ற கேள்விக்கு 1988-ல் ஒரு பதில் சரியாக இருந்தது, பிறகு இன்னொன்று, இப்போது வேறொன்று. அது ஏன் மாறிக்கொண்டே வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஆள் யார் என்று பார்ப்போம். ஆல் யாங்கோவிக் 1959-ல் கலிபோர்னியாவில் பிறந்தவர். கையில் அக்கார்டியன். ஹிட்டான பாட்டின் மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு வரிகளை மட்டும் கிண்டலாக மாற்றிப் பாடுவார். நம்ம பாஷையில் உல்டா. கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே, 1979-ல், கல்லூரி ரேடியோ நிலையத்துக்கு எதிரே இருந்த கழிவறையில் வைத்து ஒரு பாட்டைப் பதிவு செய்தார். அங்கே எதிரொலி நன்றாக இருக்கும் என்பதுதான் காரணம்! சிரிப்புப் பாட்டுகளையே ஒலிபரப்பிவந்த டாக்டர் டிமென்டோ என்ற வானொலிக்காரர் அவரை நாடு முழுக்கக் கொண்டுபோனார்.

1984-ல் மைக்கேல் ஜாக்சனின் 'பீட் இட்' பாட்டை 'ஈட் இட்' என்று மாற்றினார். அடிதடிப் பாட்டு சாப்பாட்டுப் பாட்டு ஆனது. அமெரிக்க ஒற்றைப் பாடல் பட்டியலில் 12-ஆம் இடம், அடுத்த வருடம் கிராமி விருது. அது இருந்த 'இன் 3-டி' ஆல்பம் பில்போர்டு பட்டியலில் 17-ஆம் இடம் வரை போனது. 1985-ல் வந்த அடுத்த ஆல்பம் 50-ஆம் இடம். 1986-ல் வந்த 'போல்கா பார்ட்டி' எவ்வளவு தெரியுமா? 177. சரிவு என்றால் இதுதான் சரிவு.

இந்த நிலையில்தான் 'ஈவன் வர்ஸ்' வருகிறது. ஜாக்சன் 1987-ல் வெளியிட்ட ஆல்பத்தின் பெயர் 'பேட்', அதாவது மோசம். ஆல் தன் ஆல்பத்துக்கு வைத்த பெயரின் அர்த்தம் 'அதைவிட மோசம்'. அட்டைப்படமும் ஜாக்சன் அட்டையின் நகல்தான், அதே மாதிரி கறுப்புத் தோல் உடை. தலைப்பிலேயே "மோசம்" என்று எழுதி விற்ற ஆல்பத்தில் எது ரொம்ப மோசம் என்று ரசிகர்கள் தேடுவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது :-)

மொத்தம் 11 பாட்டு. ஐந்து உல்டா, ஆறு சொந்தப் பாட்டு. உல்டா செய்யப்பட்ட ஐந்து மூலப் பாட்டுகளைப் பாருங்கள். லாஸ் லோபோஸ் பாடிய 'லா பாம்பா' 1987 ஆகஸ்டில் அமெரிக்காவில் முதலிடம். ஜாக்சனின் 'பேட்' அக்டோபரில் முதலிடம். நவம்பரில் டிஃபனியின் 'ஐ திங்க் வீர் அலோன் நவ்'. அதைக் கீழே இறக்கிவிட்டு பில்லி ஐடலின் 'மோனி மோனி'. 1988 ஜனவரியில் ஜார்ஜ் ஹாரிசனின் 'காட் மை மைண்ட் செட் ஆன் யூ'. ஐந்தும் நம்பர் ஒன், அதுவும் ஐந்தே மாதத்துக்குள். நடுவில் உள்ள மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக முதலிடத்தில் உட்கார்ந்தவை.

இன்னொரு வேடிக்கை. 'பேட்' தவிர மற்ற நான்கும் புதுப் பாட்டே கிடையாது! டிஃபனி, ஐடல் இருவர் பாடியதும் டாமி ஜேம்ஸ் குழு 1960-களில் பாடிய பாட்டுகள். ஹாரிசன் பாடியது 1962-ல் ஜேம்ஸ் ரே பாடியது. 'லா பாம்பா' மெக்சிகோவின் வேராகுருஸ் பக்கத்து நாட்டுப்புறப் பாட்டு, 1958-ல் ரிச்சி வாலன்ஸ் ராக் இசையில் பாடி ஹிட்டாக்கியது. 1987-ல் அமெரிக்காவே பழைய பாட்டைத் தூசி தட்டிக்கொண்டிருந்தது. ஆல் செய்தது நகலுக்கு நகல்.

இப்போது சண்டைக்கு வருவோம். மொக்கைப் பட்டத்துக்கு வழக்கமாக அடிபடும் பெயர்கள் நான்கு.

ஒன்று, 'ட்விஸ்டர்'. கலர் வட்டங்கள் போட்ட விரிப்பில் கையையும் காலையும் வைத்து விளையாடும் ஒரு விளையாட்டு பற்றிய பாட்டு. 1986-ல் முதல் ஆல்பம் போட்டுப் பெரிய ஆளாகிவிட்ட பீஸ்டி பாய்ஸ் குழுவின் ராப் பாணியில் கத்துவார்கள். சுமார் ஒரு நிமிடம்தான். "இது பாட்டா, விளம்பரமா?" என்பது எதிர்க்கட்சி. "முரட்டு ராப் குரலில் குழந்தை விளையாட்டுக்கு விளம்பரம், அதுதானே ஜோக்கே" என்பது ஆதரவாளர் கட்சி.

இரண்டு, ஹாரிசன் பாட்டின் உல்டா. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடி ஒப்பேற்றும் பாட்டுகளைப் பற்றி, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடும் பாட்டு. தலைப்பே "இந்தப் பாட்டில் ஆறே வார்த்தைதான்" என்ற பொருளில் இருக்கும். இதைத் திட்டுவது கஷ்டம். "சும்மா இடத்தை அடைக்க வந்த பாட்டு" என்று நீங்கள் சொன்னால், "நானும் அதைத்தானே பாடுகிறேன்" என்று பாட்டே பதில் சொல்லிவிடும்!

மூன்று, 'லசான்யா'. 'லா பாம்பா' மெட்டில் இத்தாலியச் சாப்பாட்டு அயிட்டங்களின் பட்டியல், கொச்சையான இத்தாலிய உச்சரிப்பில். "உச்சரிப்பைக் கிண்டல் செய்வது ஒரு ஜோக்கா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆலின் அம்மா வழியில் இத்தாலிய ரத்தம் உண்டு என்பதை எதிர்ப்பக்கம் எடுத்து வைக்கலாம். அது பாட்டைக் காப்பாற்றுமா என்பது வேறு விஷயம். ஸ்பானிஷ் நாட்டுப்புறப் பாட்டுக்கும் இத்தாலியச் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

நான்கு, 'அலிமனி'. ஐடல் பாட்டின் உல்டா. விவாகரத்தான ஒருவன், ஜீவனாம்சம் கேட்டே முன்னாள் மனைவி தன்னை உருவிவிட்டாள் என்று புலம்புகிறான்.

இந்த நான்கையும் எடை போட மூன்று தராசுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில் செய்யப்பட்டது.

முதல் தராசு 1988-ன் தராசு. "மூலப் பாட்டு போலவே இருக்கிறதா?" அன்றைக்கு ரேடியோவில் மூலப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கேட்ட உடனே ஒப்பிட்டுச் சிரிக்கலாம். இந்தத் தராசில் 'ஃபேட்'தான் ராஜா. 'பேட்' பாட்டின் உல்டா, ஒரு பிரமாண்டமான குண்டு மனிதனின் தற்பெருமை. வீடியோ எடுக்க ஜாக்சனே தன் சுரங்க ரயில் நிலைய செட்டைக் கொடுத்தார். 1989-ல் அந்த வீடியோவுக்கு கிராமி. ஆல்பம் 27-ஆம் இடத்துக்கு ஏறியது, 10 லட்சம் பிரதிகளுக்கான பிளாட்டினம் சான்றும் பெற்றது. 177-ல் கிடந்தவரைத் தூக்கி நிறுத்தியது இந்த ஒரு பாட்டு என்று சொன்னால் பெரிய மிகை இல்லை. எந்த மூலப் பாட்டும் இல்லாத சொந்தப் பாட்டுகள் இந்தத் தராசில் வெறும் தொட்டுக்கொள்ளத்தான்.

இரண்டாவது தராசு, மூலப் பாட்டுகள் பழையதான பிறகு வந்தது. "மூலத்தைத் தெரியாதவனுக்கும் சிரிப்பு வருமா?" எங்களைப் போல அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு இதுதான் இயல்பான தராசு. இதில் ஏற்றத்தாழ்வு தலைகீழ். டிஃபனி பாட்டின் உல்டாவில் ஒருவன் தான் ஒரு குளோனிங் பிரதி என்று பாடுகிறான். டிஃபனி யாரென்றே தெரியாவிட்டாலும் அது புரியும். கடைசிப் பாட்டான 'குட் ஓல்ட் டேஸ்' இன்னும் மேலே போகிறது. ஜேம்ஸ் டெய்லர் போன்ற மெல்லிய, பாசமான குரலில் ஒருவன் தன் சின்ன வயசு நினைவுகளைச் சொல்கிறான். கேட்கக் கேட்கத்தான் தெரிகிறது, அவன் சொல்வதெல்லாம் கொடூரம். ஜேம்ஸ் டெய்லரைக் கேட்டிருக்கவே வேண்டாம், முதுகு சில்லிடும். அன்று தொட்டுக்கொள்ள வைத்தது இன்று சாப்பாடாகிவிட்டது!

மூன்றாவது தராசு நம் காலத்துடையது. "யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறது?" இங்கேதான் ராஜாவே ஆட்டம் காண்கிறார். குண்டாக இருப்பது மட்டுமே ஜோக் என்றால் அதில் பாதிக்கப்படுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று இன்றைக்குச் சொல்கிறோம். அந்த மனிதன் தன் உடம்பைப் பற்றி வெட்கப்படாமல் மார்தட்டுகிறான், அதனால் அது கேலி இல்லை என்று பதில் சொல்பவர்களும் உண்டு. இந்த வாதம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வேறு பக்கத்திலிருந்து ஓர் அடி விழுந்தது. 2019-ல் 'லீவிங் நெவர்லேண்ட்' என்ற ஆவணப்படம் வந்தது. சிறு வயதில் ஜாக்சன் தங்களைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தினார் என்று இரண்டு பேர் அதில் குற்றம் சாட்டினார்கள். ஜாக்சன் குடும்பத்தார் மறுத்தார்கள். அந்த வருடச் சுற்றுப்பயணத்தில் ஆல் தன் ஜாக்சன் உல்டாக்களைப் பாடவில்லை. அரங்கில் யாருக்கும் சங்கடமாக இருக்கக் கூடாது என்று காரணம் சொன்னார்.

யோசித்துப் பாருங்கள். ஆல்பத்தைக் காப்பாற்றிய பாட்டு, விருது வாங்கிய பாட்டு. 31 வருடம் கழித்து, பாடியவரே அதை ஒதுக்கி வைக்கிறார். பாட்டில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. உல்டா பாட்டு வாடகை வீட்டில் குடியிருப்பது மாதிரி. வீட்டுக்காரருக்கு நல்ல பெயர் இருக்கும்வரை குடித்தனக்காரருக்கும் மரியாதை. வீட்டுக்காரர் பெயர் கெட்டால் இவரும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

வாடகை என்று சும்மா சொல்லவில்லை. வணிகவியல் மாணவன் கண்ணுக்கு இது தப்பாது. உல்டா பாட்டின் வருமானத்தில் மூலப் பாட்டை எழுதியவருக்குப் பங்கு போகும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1994-ல் ஒரு வழக்கில், கேலிப் பாட்டு நியாயமான பயன்பாடாக இருக்கலாம் என்று தீர்ப்பு சொன்னது. அப்படியும் ஆல் மூலக் கலைஞரின் அனுமதியைக் கேட்டுவிட்டுத்தான் செய்கிறார். சொந்தப் பாட்டுக்கு இந்தச் சிக்கலே இல்லை, அது சொந்த வீடு. கூட்டத்தை இழுத்தது உல்டா. நிலைத்து நிற்பது சொந்தப் பாட்டு.

அப்படியானால் மொக்கை எது? மூன்று தராசிலும் தோற்கும் பாட்டு எதுவோ அதுதான். என் கணக்கில் அது 'அலிமனி'. மூலப் பாட்டோடு அதற்கு இருக்கும் தொடர்பு, தலைப்பின் ஓசை ஒத்துப்போவது மட்டும்தான். மூலம் தெரியாதவனுக்கு அதில் புதிதாக எதுவும் இல்லை. பொண்டாட்டி காசைக் கரைக்கிறாள் என்ற ஜோக் கிராமபோனுக்கும் முந்தியது. யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்றால், பாட்டில் வாயே திறக்காத ஒரு பெண்ணைப் பார்த்து. இதே ஆல்பத்தில் 'மெலனி' என்று ஒரு சொந்தப் பாட்டு இருக்கிறது. ஒரு பெண்ணை விடாமல் துரத்தும் காதலன் பாடுவது. ஆனால் அங்கே நாம் சிரிப்பது தன் கோணல் தனக்கே தெரியாத அந்த ஆளைப் பார்த்து. 'அலிமனி' அந்த ஆளோடு சேர்ந்து நம்மையும் புலம்பச் சொல்கிறது. ஒரே ஆல்பத்தில், ஒரே மனிதர் எழுதிய இரண்டு பாட்டுக்கு நடுவில் இவ்வளவு தூரம்.

இந்தச் சண்டைக்கு இனி எவ்வளவு காலம் ஆயுள் என்பதும் ஒரு கேள்வி. 2008-ல் ஆல் ஒரு உல்டாவை, அதன் மூலப் பாட்டு முதலிடத்தில் இருக்கும்போதே இணையத்தில் தனிப் பாட்டாக விற்றார். 2014-ல் வந்த 'மேண்டேட்டரி ஃபன்' அமெரிக்காவில் நேராக முதலிடத்தில் இறங்கியது. 1963-ல் ஆலன் ஷெர்மனின் ஆல்பத்துக்குப் பிறகு ஒரு நகைச்சுவை ஆல்பம் முதலிடம் பிடித்தது அப்போதுதான். அதோடு ஒப்பந்தம் முடிந்தது, வழக்கமான ஆல்பம் இனி அநேகமாக இல்லை என்று சொல்லிவிட்டார். 11 பாட்டு சேரும்வரை காத்திருந்தால் ஜோக் ஊசிப்போய்விடும் அல்லவா.

அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். தனிப் பாட்டாக வந்தால் பிடிக்காததைக் கேட்காமல் விட்டுவிடலாம். ஆல்பத்தில் மொக்கையும் சேர்ந்தே வரும், காசு கொடுத்தாச்சே என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். அப்படிக் கேட்கும்போதுதான் இது ஏன் சிரிப்பு வரவில்லை, நேற்று வந்த சிரிப்பு இன்று ஏன் தொண்டையில் நிற்கிறது என்று யோசிக்கிறோம். 'அலிமனி' இல்லாவிட்டால் 'மெலனி'யின் அருமை எனக்குப் புரிந்திருக்காது.

'ட்விஸ்டர்' கட்சிக்காரர்கள் யாராவது இருந்தால் வாருங்கள், பேசித் தீர்ப்போம்!