உப்பும் விறகும் போன வழி

பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி எழுந்திருக்கும் அடுக்குமாடிகளில் புதிதாகக் குடிவருகிறவர்கள் பால் காய்ச்சி, கேஸ் இணைப்பும் தண்ணீர் லாரியும் ஒழுங்குக்கு வந்ததும், முதல் விடுமுறையிலேயே கடற்கரைப் பக்கம் வண்டியை எடுப்பது வழக்கமாகிவிட்டது. சோழிங்கநல்லூரில் கிழக்கே திரும்பி, அக்கரையில் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால் போதும். கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், மரக்காணம், புதுச்சேரி என்று ஊர்கள் வரிசையாக வரும். அந்தச் சாலையை எட்டுவதற்குள் ஒரு பாலத்தைக் கடக்க வேண்டும். கீழே கலங்கிய நீர், கரையில் குப்பை. யாரும் அங்கே வண்டியை மெதுவாக்குவதில்லை.

பாலத்துக்குக் கீழே கிடப்பது பக்கிங்காம் கால்வாய். கடற்கரைச் சாலை என்று ஒன்று இல்லாத காலத்தில் சென்னையிலிருந்து மரக்காணம் வரை மனிதர்களையும் சரக்கையும் கொண்டுபோன வழி அதுதான்.

கதை வடக்கே தொடங்குகிறது. 1806-இல் பேசில் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வணிகரின் முயற்சியில் சென்னையிலிருந்து எண்ணூருக்கு ஒரு கால்வாய் வெட்டப்பட்டது. நகரத்துக்கு உப்பும் விறகும் வேண்டியிருந்தன. மணலில் மாட்டுவண்டி இழுப்பதைவிடப் படகு எளிது. 1837-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. பிறகு கால்வாய் வடக்கே பழவேற்காட்டைத் தாண்டிக் கிருஷ்ணா கழிமுகம் நோக்கியும், தெற்கே அடையாற்றைத் தாண்டி மரக்காணம் நோக்கியும் நீண்டது. புதிதாகப் பள்ளம் தோண்டியது பாதி என்றால், ஏற்கெனவே இருந்த உப்பங்கழிகளையும் காயல்களையும் ஒன்றோடொன்று கோத்தது மீதி. கடலுக்கு இணையாக, அலைக்கு எட்டாத தூரத்தில், இயற்கையே பாதி வேலையை முடித்து வைத்திருந்தது. முழு நீளம் சுமார் 420 கிலோமீட்டர். அதில் தமிழகத்தின் பங்கு 163 கிலோமீட்டர்.

இந்த நீளத்தில் சென்னை நகருக்குள் மட்டும் ஓர் இடைவெளி நெடுநாள் இருந்தது. கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே ஏறத்தாழ 8 கிலோமீட்டர். வடக்கிலிருந்து வரும் படகு தெற்கே போக முடியாது. அந்த இடைவெளியை அடைத்தது பஞ்சம்.

தாது வருஷப் பஞ்சம் என்று தமிழ்நாட்டுக் கிராமங்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கும் 1876–78 கொடுமையில், சென்னை மாகாணத்தில் பல லட்சம் பேர் மாண்டார்கள். மழை பொய்த்த உள்மாவட்டங்களிலிருந்து மக்கள் பட்டணத்தை நோக்கி நடந்தார்கள். சென்னைக் கடற்கரையில் தானிய மூட்டைகள் மலையாகக் குவிந்திருக்க, அதை வாங்கக் காசில்லாதவர்கள் சுற்றிலும் விழுந்து கிடந்தார்கள். அரசு அவர்களுக்குச் சோறு போட்டது வேலைக்கு ஈடாகத்தான். 1877–78-இல் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டு நிவாரண வேலையாகத் தோண்டப்பட்டது. செலவு 30 லட்சம் ரூபாய் என்று கணக்கு.

அந்தக் காலத்து நிவாரணக் கூலி எவ்வளவு என்பதைச் சொல்லியாக வேண்டும். பஞ்சத்தைப் பார்வையிட அனுப்பப்பட்ட சர் ரிச்சர்டு டெம்பிள் 1877-இன் தொடக்கத்தில் நிர்ணயித்த அளவு, வளர்ந்த ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். ஒரு பவுண்டு என்பது அரைக்கிலோவுக்கும் குறைவு. மண் வெட்டி, கூடையில் சுமந்து, கரையேற்றும் உடம்புக்கு அது. மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ், இது உழைப்பவனை மெல்லக் கொல்லும் அளவு என்று ஓயாமல் வாதாடினார். சில மாதங்களில் சென்னை அரசு அளவை உயர்த்தியது. அதற்குள் போனவர்கள் போய்விட்டார்கள். வேலை முடிந்ததும் கால்வாய்க்குச் சூட்டப்பட்டது அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர். தோண்டியவர்களில் ஒருவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. சென்னையின் எந்த அரண்மனையையும் விட, எந்தத் தேவாலயத்தையும் விட, இந்தப் பள்ளத்துக்குத்தான் ஒரு நினைவுக்கல் முதலில் வைத்திருக்க வேண்டும்.

இணைப்பு முடிந்ததும் தென்பகுதிக்கு உயிர் வந்தது. இது கடல்மட்டத்தில் ஓடும் உப்புநீர்க் கால்வாய். முகத்துவாரங்கள் கோடையில் மணல் மேடிட்டு அடைத்துக்கொள்ளும், மழையில் உடைத்துக்கொண்டு கடலில் சேரும். ஆறும் கழியும் குறுக்கிடுகிற இடங்களில் நீர் வடிந்துபோகாமல் நிறுத்த மதகுகளும் ‘லாக்’குகளும் கட்டினார்கள். படகு உள்ளே நுழைந்ததும் பின்கதவை மூடி, உள்ளே நீர்மட்டத்தை முன்பக்கத்து மட்டத்துக்குக் கொண்டுவந்து, பிறகு முன்கதவைத் திறப்பார்கள். படகுகள் தட்டையான அடிப்பாகம் கொண்டவை. காற்று சாதகமாக இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் ஒருவர் கழி ஊன்றித் தள்ள, கரையில் இன்னொருவர் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டே நடப்பார்.

சரக்கில் முதலிடம் உப்புக்கு. கேளம்பாக்கம், செய்யூர், மரக்காணம் என்று தென்கரை நெடுக உப்பளங்கள். அடுத்து சவுக்கு. கடலோர மணலில் சவுக்குத் தோப்புகள் பெருகியதற்கு நகரத்து அடுப்புகள்தான் காரணம். தோப்பிலேயே வெட்டி, துறையிலேயே ஏற்றி, சென்னை விறகுத் தொட்டிகளில் இறக்கினார்கள். சுண்ணாம்புக்கான கிளிஞ்சலும் இதே வழியில் வந்தது.

பயணிகளுக்கு மாமல்லபுரம். அந்த ஊர் கிழக்கே கடலுக்கும் மேற்கே கால்வாய்க்கும் நடுவில் ஒரு மணல்நாடா. இரயிலில் செங்கல்பட்டு இறங்கி, திருக்கழுக்குன்றம் வழியாக வந்தவர்களும் கடைசியில் கால்வாயைப் படகில் கடந்துதான் சிற்பங்களைப் பார்க்க முடிந்தது. அதைவிடச் சுகமானது சென்னையிலிருந்தே நீர்வழியாக வருவது. மாலையில் ஏறி இரவெல்லாம் மிதந்து விடியலில் இறங்குவார்கள். 1930-களில் நண்பர்களோடு அப்படிப் போன பாரதிதாசன் அந்தப் பயணத்தை ‘மாவலிபுரச் செலவு’ என்று ஒரு கவிதையாகவே எழுதிவைத்தார். ஒரு போக்குவரத்து வழி இலக்கியத்தில் ஏறுவது சாதாரணமாக நடப்பதில்லை. இந்தக் கால்வாய்க்கு அது வாய்த்தது.

கால்வாய் தொட்ட ஊர்கள் எல்லாம் அதற்கும் முந்தைய வணிகத்தின் மிச்சங்கள். கோவளத்தின் கோட்டையை 1752-இல் கிளைவ் பிடித்து இடித்தார். சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் கோட்டை, அதற்குள் பூவேலை செதுக்கிய கல்லறைக் கற்கள். இன்னும் தெற்கே கடப்பாக்கம் அருகில் ஆலம்பரைக் கோட்டை, 1750-இல் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேக்குக் கொடுக்கப்பட்டு, 1760-இல் ஆங்கிலேயரால் சிதைக்கப்பட்டது. பீரங்கிகள் ஓய்ந்து, பெருங்கப்பல்கள் சென்னைக்குப் போய்விட்ட பிறகு, இந்தத் துறைகள் உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தது கால்வாய்ப் படகின் மூலம்தான். புதுச்சேரிக்கு மட்டும் அது போய்ச்சேரவில்லை. மரக்காணத்தில் முடிந்தது, மிச்ச வழி தரைவழி.

சரிவு ஒரே நாளில் வரவில்லை. இரயிலும் பிறகு லாரியும் சரக்கை எடுத்துக்கொண்டன. மண் சேரச் சேர ஆழம் குறைந்தது. 1965, 66 புயல்களும் 1976 புயலும் கரைகளையும் மதகுகளையும் உடைத்தன. பழுதுபார்க்கும் அக்கறை அரசுக்கு இல்லை. கடைசி அடி நகரத்துக்குள் விழுந்தது. பறக்கும் இரயிலுக்கு இடம் தேடியவர்கள் கால்வாயின் நடுவிலேயே தூண்களை இறக்கினார்கள். 1995-இல் சேப்பாக்கம், 1997-இல் மயிலாப்பூர், 2004-இல் திருவான்மியூர் என்று இரயில் நீள நீள, கீழே நீர்வழி குறுகியது. பட்டினி கிடந்தவர்கள் தோண்டிய அதே துண்டுதான் அதில் அதிகம் அடிபட்டது. நிலம் வாங்கும் செலவு மிச்சம் என்ற கணக்கில் ஒரு நகரம் தன் வடிகாலையே விட்டுக்கொடுத்தது பெரிய தவறு.

1990-களின் முடிவில் கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாகி, புதுச்சேரி மூன்று மணி நேரத் தூரத்துக்குள் வந்தது. 2000-இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. அதன்பின் பெருங்குடி, துரைப்பாக்கம், நாவலூர், படூர் என்று வயலும் ஏரிக்கரையும் பன்மாடிகளாகின. அதே 2000-ஐ ஒட்டி, ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகரும் எழுந்தது. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளில் குடிசை போட்டிருந்தவர்களை அரசு அங்கே கொண்டுவந்து குடியமர்த்தியது. நகரத்துக் கால்வாய்க் கரையிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்களுக்குப் புதுவீடு கிடைத்தது அதே கால்வாயின் தென்பகுதிக் கரையில், வேலைக்குப் போகும் இடங்களிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி. வங்கிக் கடனில் ஃப்ளாட் வாங்கியவரும் ஒதுக்கீட்டுச் சீட்டோடு லாரியில் இறக்கப்பட்டவரும் இங்கே ஒரே நீரின் அண்டை வீட்டார்.

அந்த நீர் இன்று செய்யும் வேலை வேறு. தென்சென்னை ஏரிகளின் உபரி பள்ளிக்கரணைச் சதுப்பில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகக் கால்வாய்க்குள் இறங்கி, தெற்கே ஓடி, முட்டுக்காட்டில் கடலில் கலக்கிறது. 2015 டிசம்பரில் தரைத்தளங்கள் மூழ்கி, கார் நிறுத்துமிடங்களில் படகு விட்டபோது, வடிய வேண்டிய வெள்ளத்துக்கு இருந்த வழி இதுதான். மடுவும் கால்வாயும் முகத்துவாரமும் எவ்வளவு தூர்ந்திருக்கின்றனவோ, அவ்வளவு நேரம் தண்ணீர் படிக்கட்டில் நிற்கும்.

2008-இல் காக்கிநாடா முதல் புதுச்சேரி வரையிலான கால்வாய்த் தொடர் தேசிய நீர்வழி 4 என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் தென்பகுதியில் சரக்குப் படகு ஓடவில்லை. மரக்காணத்தில் உப்பு இன்னமும் விளைகிறது. மூட்டைகள் லாரியில் ஏறிக் கடற்கரைச் சாலை வழியாக வடக்கே போகின்றன. கால்வாய் முடியும் அந்த வட்டாரத்தில் கழுவேலிச் சதுப்பு 2021-இல் பறவைகள் சரணாலயமானது, 2024-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. புதுச்சேரிக்கு வண்டி ஓட்டுகிறவர்கள் மரக்காணத்தில் ஒரு மணி நேரம் இறங்கினால் உப்பளமும் கழியும் சேர்ந்தே காணக் கிடைக்கும். குளிர்கால மாதங்களில் வலசைப் பறவைகளும் இருக்கும்.