இரண்டு புறாக்கள்: லூயிஸ் கில்பர்ட்டும் ஜான் க்ளென்னும்

ஜேம்ஸ் பாண்ட் ரசிகர்களிடையே நடிகர்களைப் பற்றிய சண்டை ஒரு கட்டத்தில் அலுத்துப்போகும். கானரியா, மூரா என்று கேட்டுக் கேட்டுக் களைத்தபின் பேச்சு இயக்குநர்கள் பக்கம் திரும்பும். அங்கே அதிகம் அடிபடும் பெயர் ஜான் க்ளென். 1981 முதல் 1989 வரை தொடர்ந்து ஐந்து படங்கள். இந்த வரிசையில் வேறு எவரும் அத்தனை எடுத்ததில்லை. ஆனாலும் அவரைக் குறித்த தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: வேலை தெரிந்தவர், கலைஞர் அல்ல. இந்தத் தீர்ப்பை உரசிப் பார்க்க நல்ல கல் அவருக்கு முன்னால் நாற்காலியில் இருந்த லூயிஸ் கில்பர்ட். ‘யூ ஒன்லி லிவ் ட்வைஸ்’ (1967), ‘தி ஸ்பை ஹூ லவ்டு மி’ (1977), ‘மூன்ரேக்கர்’ (1979) மூன்றும் அவருடையவை.

ஒப்பிடத் தொடங்கியதுமே ஒரு சிக்கல். கில்பர்ட்டின் கடைசி இரண்டு பாண்ட் படங்களுக்கும் எடிட்டர் க்ளென்தான். இரண்டாம் யூனிட்டை நடத்தியவரும் அவரே. ‘தி ஸ்பை ஹூ லவ்டு மி’ என்றதும் எல்லோர் நினைவுக்கும் வருவது தொடக்கக் காட்சி. பனிச்சறுக்கில் வரும் பாண்ட் மலை விளிம்பைத் தாண்டி வெறுவெளியில் விழுகிறார், சத்தமெல்லாம் அடங்குகிறது, பிறகு பிரிட்டிஷ் கொடி வரைந்த பாராசூட் விரிகிறது. கனடாவின் பாஃபின் தீவில் உள்ள ஆஸ்கார்ட் மலையில், ரிக் சில்வெஸ்டர் என்ற சாகசக்காரரைக் குதிக்கவைத்துப் படமாக்கியவர் க்ளென். திரையில் இயக்கம் என்ற இடத்தில் இருப்பதோ கில்பர்ட் பெயர். ரசிகர்கள் அந்தக் காட்சிக்கான மதிப்பெண்ணை யார் கணக்கில் எழுதுவது?

கில்பர்ட்டின் மூன்று படங்களுக்கும் அடிப்படைக் கதை கிட்டத்தட்ட ஒன்றே. முதலில் விண்கலங்கள் விழுங்கப்படுகின்றன, அடுத்து நீர்மூழ்கிகள், கடைசியில் ஒரு விண்கலம் திருடு போகிறது. உலகத்தையே அழிக்கத் துடிக்கும் ஒரு பணக்காரர், அவருக்கு ஒரு பிரம்மாண்டமான பதுங்கிடம், முடிவில் அங்கே இரு படைகளின் மோதல். இதைக் குறையாக மட்டும் சொல்லவில்லை. கலை இயக்குநர் கென் ஆடமுக்கு இப்படி இடம் கொடுக்க ஒரு துணிச்சல் வேண்டும். 1967 படத்துக்காக பைன்வுட் ஸ்டுடியோவில் எழுந்த எரிமலை செட்டுக்கு மட்டும் ஏறக்குறைய 10 லட்சம் டாலர் ஆனது. முதல் பாண்ட் படமான ‘டாக்டர் நோ’ முழுவதற்கும் ஆன செலவு அவ்வளவுதான். 1977 படத்தின் டாங்கர் கப்பலுக்காக ஒரு புதிய படப்பிடிப்புத் தளமே கட்டினார்கள். கில்பர்ட்டின் கேமரா இந்த செட்டுகளுக்கு முன் சற்றே பின்வாங்கி, வாய்பிளந்து நிற்கிறது. அந்த வியப்பு நம்மையும் தொற்றுகிறது. அதே சமயம் பாண்ட் சிறுத்துப்போய் அந்த இரும்புக் காட்டில் ஓடும் ஒருவராகிவிடுகிறார்.

‘மூன்ரேக்கர்’ வசூலை அள்ளியது. ஆனால் விண்வெளிக்கே போய்விட்டால் அடுத்து எங்கே போவது? தயாரிப்பாளர் ஆல்பர்ட் ப்ரோக்கோலி பாண்டைத் தரையிறக்க முடிவுசெய்து, க்ளென்னை இயக்குநராக்கினார். ‘ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி’யில் (1981) உச்சக்கட்டம் இரு படைகளின் போர் அல்ல. கிரேக்கத்தின் மெட்டியோராவில், பாறைத்தூண் ஒன்றின் மேல் நிற்கும் மடத்துக்கு ஒரு மனிதன் கயிற்றைப் பிடித்து ஏறுகிறான், அவ்வளவுதான். பாறையில் அடித்த ஆணிகளை மேலிருந்து வந்த எதிரி ஒவ்வொன்றாகத் தட்டிக் கழற்றுகிறான். படப்பிடிப்பைப் பிடிக்காத துறவிகள் மடத்துக்கு வெளியே துணிகளைத் தொங்கவிட்டு இடைஞ்சல் செய்தார்கள் என்பது தனிக்கதை. இந்தக் காட்சியின் பலம் எடிட்டரின் பலம். எந்த ஆணி எங்கே இருக்கிறது, எது கழன்றால் எவ்வளவு தூரம் விழுவார் என்பது நமக்கு ஒரு நொடியும் குழம்பவில்லை. கில்பர்ட் படச் சண்டைகளில் யார் யாரைச் சுடுகிறார்கள் என்பதே பல இடங்களில் தெரியாது.

புறாக்களுக்கு வருவோம். ‘மூன்ரேக்கர்’ படத்தில் பாண்டின் படகு வெனிஸ் சதுக்கத்தில் தரைமேல் ஏறி ஓட, ஒரு புறா நம்பமுடியாமல் இருமுறை திரும்பிப் பார்க்கிறது. ஃபிலிமை முன்னும் பின்னுமாக ஓட்டிச் செய்த தந்திரம். ரசிகர்கள் இன்றுவரை மன்னிக்காத புறா அது. மெட்டியோராவிலும் ஒரு புறா உண்டு. பாண்ட் பாறை இடுக்கில் கைவைக்கும்போது சட்டென்று படபடத்துப் பறக்கிறது. நெஞ்சு ஒருமுறை நின்று அடிக்கிறது. அதன்பின் இப்படித் திடுக்கிடவைப்பது க்ளென்னின் முத்திரையாகவே ஆனது. முதல் புறா, இது வெறும் சினிமா என்று கண்ணடிக்கிறது. இரண்டாவது, இவன் விழுந்தால் சாவான் என்கிறது. இரண்டும் ஒரே ஆளின் கையைக் கடந்து வந்தவை என்பதுதான் வேடிக்கை: முதல் படத்துக்கு க்ளென் எடிட்டர், இரண்டாவதுக்கு இயக்குநர்.

‘ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி’யிலேயே, பாறை விளிம்பில் தொங்கும் காரை, உள்ளே கொலையாளி இருக்கும்போதே பாண்ட் காலால் உதைத்துத் தள்ளுகிறார். தன் பாண்டுக்கு அது பொருந்தாது என்று ரோஜர் மூர் தயங்கினார், க்ளென் விட்டுக்கொடுக்கவில்லை. அவருக்குப் பார்வையே இல்லை என்பவர்களுக்கு என் பதில் அந்த உதைதான்.

அதற்காக க்ளென்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடவும் முடியாது. ‘ஆக்டோபஸ்ஸி’யில் (1983) பாண்ட் காட்டில் கொடி பிடித்துத் தாவும்போது டார்சன் கூச்சல் கேட்கிறது. உதய்ப்பூர் தெருக்களின் ஆட்டோ ரிக்‌ஷா துரத்தலில் ஆணிப்படுக்கை, கத்தி விழுங்குபவர் என்று வெள்ளைக்காரர் இந்தியாவைப் பார்க்கும் பழைய பட்டியல் முழுதும் வந்து போகிறது. நம் சென்னைக்காரர் விஜய் அமிர்தராஜ் டென்னிஸ் மட்டையால் எதிரிகளை விளாசுவதைப் பார்த்து சிரித்துவிடலாம், ரசிக்க முடியாது. ஆனால் அந்தப் படத்திலேயே, சர்க்கஸ் கூடாரத்தில் கோமாளி வேடத்தில் வந்து அணுகுண்டு வெடிக்கப்போகிறது என்று பாண்ட் கெஞ்ச, கூட்டம் கைகொட்டிச் சிரிக்கிறது. கில்பர்ட் அந்த வேடத்தை நகைச்சுவைக்குப் பயன்படுத்தியிருப்பார். க்ளென் அதைப் பாண்டின் கையாலாகாத்தனமாக மாற்றினார்.

‘லைசன்ஸ் டு கில்’ (1989) எதிர்பார்த்த அளவு ஓடவில்லை. அடுத்த படம் வர ஆறு ஆண்டுகள் ஆயின. பழி க்ளென் தலையில் விழுந்தது. இடைவெளிக்குப் பெரிய காரணம் உரிமை தொடர்பான வழக்குகள் என்பதை அந்தப் பேச்சில் யாரும் சேர்ப்பதில்லை.

கில்பர்ட் கட்சிக்காரர்களின் கடைசித் துருப்பு அவருடைய மற்ற படங்கள். ‘ஆல்ஃபி’யும் ‘எஜுகேட்டிங் ரீட்டா’வும் எடுத்தவருக்கு எதிரே, 1992-ல் கொலம்பஸ் படம் எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்ட க்ளென் எங்கே நிற்க முடியும்? ஒப்புக்கொள்கிறேன், கில்பர்ட்தான் பெரிய இயக்குநர். ஆனால் அந்தப் பெரிய இயக்குநரை அவருடைய பாண்ட் படங்களில் தேடித்தான் பிடிக்கவேண்டும். எனக்குக் கிடைத்தது ‘தி ஸ்பை ஹூ லவ்டு மி’யில் ஒரு காட்சி: கெய்ரோ மதுக்கூடத்தில் சோவியத் உளவாளி அன்யா பாண்டின் வரலாற்றை ஒப்பித்துக்கொண்டே வந்து, கொல்லப்பட்ட மனைவியைப் பற்றிச் சொல்லும்போது மூர் பேச்சை வெட்டுகிறார். முகத்தில் அதுவரை இருந்த குறும்பு காணோம். அந்த இடத்தை க்ளென் இவ்வளவு நன்றாக எடுத்திருக்கமாட்டார். ஆனால் அப்படி ஒன்றுக்காக மூன்று முழுப் படங்களின் பதுங்கிடங்களையும் படைமோதல்களையும் கடந்துவர என்னால் முடியவில்லை.