முழங்கால் மூட்டுத் தேய்மானம்

எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு சிதைந்து, நாளடைவில் மூட்டு முழுவதையும் பாதிக்கும் நோய் இது. எலும்பின் ஓரங்கள் முளைவிடும், மூட்டு வீங்கும், தொடைத்தசை மெலியும். உலகச் சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2019இல் 52.8 கோடிப் பேருக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. மற்ற மூட்டுகளைவிட முழங்காலே அதிகம் அடிபடுகிறது.

காலையில் எழுந்ததும் கால் மடங்க மறுக்கும். பெரும்பாலும் அரை மணிக்குள் இளகிவிடும். எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்தும் வலியே இல்லாதவர்கள் பலர் உண்டு. படத்தை மட்டும் பார்த்துக் கலங்க வேண்டியதில்லை.

நடந்தால் இன்னும் தேயும் என்று பயந்து முடங்குவதுதான் பெரிய கெடுதல். குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது; மூட்டு அசையும்போதுதான் அதற்கு ஊட்டம் சேர்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு காலை நேராக நீட்டி, சில நொடிகள் நிறுத்தி, மெல்ல இறக்கும் எளிய பயிற்சியே தொடைத்தசையைத் தேற்றும். எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது.

வலிக்கு முதலில் பூச்சு மருந்து. மாத்திரை என்றால் மருத்துவரைக் கேட்டே.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் நடந்து 2002இல் வெளியான ஓர் ஆய்வில், மூட்டைத் துளையிட்டுக் கழுவும் சிகிச்சை, தோலை மட்டும் கீறிய போலிச் சிகிச்சையைவிட மேலான பலன் தரவில்லை. மூட்டு மாற்று அறுவை, மற்ற வழிகள் கைகொடுக்காமல் வலி தூக்கத்தையே கெடுக்கும் கட்டத்துக்கு உரியது.