இறங்கும் வாயுவும் ஏறும் வாயுவும்

புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று பால் நன்றாகவே பொங்கியது. சிங்கப்பூரின் தெம்பனிஸ் நார்த்தில் சாவி வாங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. நுரை பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி வழிந்து பர்னரில் விழுந்தது, தீ அணைந்தது. கூடியிருந்தவர்கள் மகிழ்ச்சியில் இருக்க, அம்மா மட்டும் சேலையைச் செருகிக்கொண்டு மண்டியிட்டார். அடுப்புக்குக் கீழே இருந்த அலமாரிக் கதவைத் திறந்து, தரையோரம் முகத்தைக் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். "வாடை இல்லம்மா" என்று சொல்லி எழுந்தார்.

முப்பது ஆண்டுகளாகத் தோம்பு, அதாவது எரிவாயு உருளை, வைத்துச் சமைத்தவர் அவர். தெம்பனிஸ் ஸ்ட்ரீட் 21-இல், எண்பதுகளில் எழுந்த அவரது புளோக்கில், அந்தக் குனிதல் உயிர் காக்கும் பழக்கம். என் வீட்டில் அது தேட வேண்டிய இடத்தை விட்டு வேறிடத்தில் தேடுவது. எனக்கு வருவது குழாய் வாயு. கசிந்தால் அது தரைக்கு இறங்காது, கூரைக்கு ஏறும். இரண்டு வீட்டுக்கும் இடையே பேருந்தில் கால் மணி நேரம்தான். ஆனால் ஒரு சமையலறையின் நல்ல பழக்கம் இன்னொன்றில் பயனற்றுப் போகிறது. சில சமயம் ஆபத்தாகவும் ஆகிறது. தோம்பிலிருந்து குழாய்க்கும், சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கும் வீடு மாறும் நம்மவர்கள் இதை யோசிப்பதில்லை என்ற கவலையில்தான் இரண்டு சமையலறைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் என் வீட்டு வாயு. இதற்கு நகர எரிவாயு என்று பெயர். 1862-இல் கல்லாங்கில் தொடங்கிய ஆலைதான் இந்த ஊருக்கு முதலில் வாயு தந்தது. 1864-இல் தெருவிளக்குகள் அதில் எரிந்தன. அந்த வட்டாரத்தை ஹொக்கியன் பேசுவோர் 'ஹுவே சியா', அதாவது தீ நகரம், என்று அழைத்தார்கள். நிலக்கரியிலும் பிறகு எண்ணெயிலும் ஓடிய கல்லாங் ஆலை 1998-இல் மூடப்பட்டு, செனோக்கோ ஆலை அதன் இடத்தைப் பிடித்தது. இன்று அங்கே இயற்கை எரிவாயுவை மூலப்பொருளாகக் கொண்டு நகர எரிவாயு தயாரிக்கிறார்கள். அதில் ஏறத்தாழ பாதி ஹைட்ரஜன். மீதியில் மீத்தேனும் பிறவும். ஓரளவு கார்பன் மோனாக்சைடும் உண்டு. ஹைட்ரஜன் இவ்வளவு இருப்பதால்தான் இந்த வாயு காற்றைவிட இவ்வளவு இலேசு.

அம்மா வீட்டுத் தோம்பில் இருப்பது புரோபேனும் பியூட்டேனும் கலந்த எல்பிஜி. அழுத்தத்தில் திரவமாக அடைபட்டிருக்கும். வெளியே வந்தால் ஒரு பங்கு திரவம் ஏறத்தாழ 250 பங்கு வாயுவாக விரியும். காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். இந்தக் கலவையின் விகிதம் சின்ன விஷயமில்லை. 30 டிகிரி வெப்பத்தில் தூய பியூட்டேன் தோம்புக்குள் தரும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் மூன்று மடங்குக்கும் சற்றுக் குறைவு. தூய புரோபேன் தருவது ஏறத்தாழ பதினொரு மடங்கு. 2021 நவம்பர், டிசம்பரில் இலங்கையில் பல வீடுகளில் அடுப்பும் தோம்பு இணைப்பும் வெடித்த செய்திகள் வந்தபோது ஜனாதிபதி நிபுணர் குழு ஒன்றை நியமித்தார். அன்றைய விவாதத்தின் நடுவில் நின்றது இந்தப் புரோபேன் விகிதம்தான். அதே நாள்களில், வாடைக்காகச் சேர்க்கும் மெர்காப்டன் போதவில்லை என்று ஒரு கப்பல் சரக்கும் நிராகரிக்கப்பட்டது. எல்பிஜிக்குச் சொந்தமாக வாடை கிடையாது. நாம் 'கேஸ் வாடை' என்று சொல்வதெல்லாம் நமக்காகச் சேர்த்த எச்சரிக்கை மணி. யாழ்ப்பாணத்திலிருந்து அப்போது பேசிய உறவினர் ஒருவர், தோம்பை முற்றத்தில் தூக்கி வைத்துவிட்டு விறகடுப்புக்குத் திரும்பியதாகச் சொன்னார்.

கனமான வாயு தண்ணீரைப்போல நடந்துகொள்ளும். தரையில் படரும், தாழ்ந்த இடம் தேடும், தரையில் இருக்கும் கழிவுநீர்த் துளைக்குள் இறங்கும், அலமாரியின் அடித்தட்டில் குளம் கட்டும். காற்றில் நூறில் இரண்டு பங்கு சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். அதனால் தோம்பு வைக்கும் அலமாரிக்குக் கீழ்ப்பக்கத்தில் காற்றோட்டத் துளை வேண்டும். கசிந்தால் சன்னலோடு, தரை மட்டத்தில் வாயு வெளியேறக் கதவையும் திறந்துவிட வேண்டும். அம்மா குனிவது இந்தக் கணக்கில்தான். இலேசான வாயு புகையைப்போல. அது மேலே போய், கூரையோரத்திலும் மேல் அலமாரிகளிலும் தங்கும். என் வீட்டில் அவர் நிமிர்ந்து நின்று, சன்னலை முழுக்கத் திறந்திருந்தால் போதும்.

கசிவு காட்டும் கருவியை இணையத்தில் வாங்கி மாட்டுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். தோம்பு வீட்டில் அது தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்க வேண்டும். குழாய் வாயு வீட்டில் கூரைக்கு ஒரு சாண் கீழே. எந்த வாயுவுக்கு உரியது என்றும் பெட்டியில் பார்க்க வேண்டும். இன்னொரு குழப்பமும் உண்டு. 2018 ஜூன் முதல் புதிய வீடுகளுக்குக் கட்டாயமாக்கப்பட்ட தீ எச்சரிக்கைக் கருவி புகையைத்தான் கண்டுபிடிக்கும். கசியும் வாயு அதன் கண்ணில் படாது. என் பக்கத்து வீட்டுப் பெரியவர் இரண்டும் ஒன்றென்று நம்பி நிம்மதியாக இருந்தார்.

இனி அடுப்பு. வீடு மாறியபோது எனக்கும் ஒரு ஆசை இருந்தது. அம்மா வீட்டில் கூடுதலாக இருந்த அடுப்பு நல்ல நிலையில்தான் இருந்தது, அதையே கொண்டுவந்து மாட்டிவிடலாம் என்று. வாயுவைத் திறந்துவிட வந்தவர் அடுப்பின் அடியில் இருந்த சீட்டைப் படித்துவிட்டுத் தலையசைத்தார். அது எல்பிஜிக்கான அடுப்பு. ஒரே அளவு இடத்தை அடைக்கும் எல்பிஜியில் நகர எரிவாயுவைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல் வெப்பம் இருக்கிறது. அதனால் எல்பிஜி அடுப்பின் ஜெட் துளை ஊசி முனை அளவு. நகர எரிவாயு அடுப்பின் துளை அதைவிடப் பெரிது. எல்பிஜி அடுப்பைக் குழாயில் மாட்டினால் தீ சோர்ந்து எரியும். அதுவே தொல்லை. எதிர்த்திசையில் போவதுதான் பயங்கரம்: குழாய் வாயு அடுப்பைத் தோம்பில் மாட்டினால் மஞ்சள் நாக்காக நெடுந்தீ எழும், பாத்திரம் கரி பிடிக்கும், காற்றுப் போதாமல் கார்பன் மோனாக்சைடு கிளம்பும். பழைய அடுப்பைச் சும்மா தருகிறேன் என்று யாரேனும் அன்போடு சொன்னால், முதலில் அடியிலுள்ள சீட்டைப் பாருங்கள்.

சென்னையிலிருந்து மூன்று பர்னர் அடுப்பைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வரும் பழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். தோசைக்கும் குழம்புக்கும் அந்த அடுப்பின் வாகு இங்குள்ளவற்றில் வராது என்பது உண்மை, நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் சிங்கப்பூரில் வாயு அடுப்பு பாதுகாப்புக் குறி பெற்றுத்தான் விற்பனைக்கு வரும். எல்பிஜி ரெகுலேட்டருக்கும் அப்படியே. பெட்டியில் வந்த அடுப்பை இங்கே யாரும் சோதித்திருக்கமாட்டார்கள். இப்போது சென்னையிலும் வீடுகளுக்குக் குழாயில் வாயு வரத் தொடங்கியிருக்கிறது. அது இயற்கை எரிவாயு, பெரும்பாலும் மீத்தேன். காற்றைவிட இலேசு என்றாலும் நமது நகர எரிவாயு அல்ல. அதற்கு ஜெட் வேறு.

பராமரிப்பில் தோம்பு வீடு கொஞ்சம் கூடுதல் வேலை கேட்கிறது. வீட்டில் இரண்டு தோம்புக்கு மேல், எல்லாம் சேர்த்து 30 கிலோவுக்கு மேல், வைக்கக் கூடாது. தோம்பு நிமிர்ந்தே நிற்க வேண்டும். சாய்த்துப் படுக்க வைத்தால் வாயுவுக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் பாயும். தீரப்போகிறது என்று தோம்பைச் சாய்ப்பதும், அடியில் வெந்நீர் ஊற்றுவதும் இன்னும் நடக்கிறது. அம்மாவே ஒரு காலத்தில் செய்திருக்கிறார். ரப்பர் குழாயை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ரெகுலேட்டரை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது இங்குள்ள வழக்கம். தமிழ்நாட்டில் அந்த ஆரஞ்சு நிற சுரக்ஷா குழாய்க்கு ஐந்து ஆண்டு கணக்குச் சொல்வார்கள். அந்தக் கணக்கை இங்கு கொண்டுவர வேண்டாம். மாட்டிய தேதியைக் குழாயின் மேல் மை பேனாவால் எழுதிவைப்பது எங்கள் வழக்கம். தோம்பு மாற்றியதும் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி எழுகிறதா என்று பார்ப்போம். தீக்குச்சியால் சோதிப்பவர்களைப் பற்றி நினைத்தாலே எனக்கு வயிறு கலங்கும்.

ஆனால் தோம்பு ஒரு விதத்தில் நேர்மையானது. எல்லாம் கண்முன் இருக்கிறது. குழாய், பிடிப்பு, ரெகுலேட்டர், இரவு படுக்கப் போகுமுன் திருகி மூட ஒரே ஓர் இடம். என் வீட்டில் அடுப்பு மேடைக்குள் பதிந்திருக்கிறது. இணைக்கும் குழாய் அலமாரிக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. அது காய்ந்து வெடிப்பதோ, கரப்பானும் எண்ணெயும் அதைச் சேதப்படுத்துவதோ தெரியாது. வீட்டை அழகுபடுத்த வந்தவர்கள் வால்வை இழுப்பறைக்குப் பின்னால் வைத்து மூடிவிட்டார்கள். இழுப்பறையைக் கழற்றாமல் கை எட்டாது. அதை மறுபடி வெட்டித் திறக்கச் சொல்லிச் சண்டை பிடித்தேன். வாயுக் குழாயில் கைவைக்க உரிமம் பெற்ற எரிவாயுப் பணியாளர் மட்டுமே வர வேண்டும் என்பதும் அப்போதுதான் வீட்டில் எல்லாருக்கும் உறைத்தது. குழாய் வாயு கண்ணில் படாததால் மறந்துபோகிறது. மாதக் கட்டணத்தில் ஒரு வரியாக மட்டும் அது நினைவுக்கு வருகிறது. தோம்பில் கசிந்தால் அதில் உள்ளது தீரும்வரைதான். குழாயில் கசிவுக்கு முடிவே இல்லை, யாராவது மூடும்வரை வந்துகொண்டே இருக்கும்.

பால் பொங்கி அணைந்த அன்று என் வீட்டில் ஏன் வாடை வரவில்லை? என் அடுப்பின் பர்னர் பக்கத்தில் ஒரு சிறு உலோகக் குச்சி நிற்கிறது. தீயில் அது சூடாகும்போது உண்டாகும் மெல்லிய மின்சாரம் உள்ளே ஒரு வால்வைத் திறந்து பிடித்திருக்கும். தீ அணைந்து குச்சி ஆறினால் வால்வு தானே மூடிக்கொள்ளும். பற்றவைத்த பிறகும் திருகைச் சில நொடி அழுத்திப் பிடிக்க வேண்டியிருப்பது அது சூடேறும் நேரத்துக்காகத்தான். பலர் இதை அடுப்பின் கோளாறு என்று நினைத்து எரிச்சலடைகிறார்கள். குச்சியில் பருப்பு நுரை காய்ந்து படிந்தால் தீ நிற்காது. ஈரத் துணியால் துடைத்தால் சரியாகும். அம்மாவின் மேடையடுப்பில் இந்த ஏற்பாடு இல்லை. அங்கே பால் பொங்கி அணைந்தால் வாயு வந்துகொண்டேயிருக்கும். அவர் பால் வைத்துவிட்டு அடுப்பை விட்டு நகராததற்கு அதுதான் காரணம்.

கசிவு என்று தெரிந்தால் இரண்டு வீட்டிலும் முதல் வேலை ஒன்றுதான்: அடுப்பையும் வால்வையும் மூடுவது. மின்விசிறி, விளக்கு, புகைபோக்கி எதன் சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. நம் வீடுகளில் இன்னொன்று உண்டு: சாமி விளக்கு. பல வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் சாமி அலமாரி சமையலறைக்குள்ளோ அதை ஒட்டியோ இருக்கிறது. தோம்பு மாற்றும்போது விளக்கும் ஊதுவத்தியும் அணைந்திருக்க வேண்டும். எரியும் விளக்கை அணைப்பது அமங்கலம் என்று தயங்குபவர்களுக்கு நான் சொல்வது, தோம்பு வந்து போன பிறகு ஏற்றுங்கள், சாமி காத்திருப்பார் என்பதே. கசிவென்றால், வீட்டுக்கு வெளியே வந்த பிறகுதான் தொலைபேசி. குழாய் வாயுக் கசிவுக்கு 1800 752 1800. தீயென்றால் எதுவானாலும் 995.

நச்சுத்தன்மையிலும் இரண்டும் வேறு. எல்பிஜி நேரடி நஞ்சில்லை, மூச்சுக்கான காற்றை வெளியே தள்ளித் திணறடிக்கும். நகர எரிவாயுவில் கார்பன் மோனாக்சைடு கலந்திருப்பதால் எரியாமல் கசியும் வாயுவே நஞ்சு. தலைவலி, குமட்டல் என்று தூக்கத்தில் தொடங்கலாம். குழாய் வீட்டில் மழைக்குப் பயந்து பின்பக்கச் சன்னலை நாள் முழுக்க மூடிவைப்பது எனக்குப் பிடிப்பதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒன்றை மறைக்கக் கூடாது. வீட்டுத் தீக்குப் பெரிய காரணமாகக் குடிமைத் தற்காப்புப் படை ஆண்டுதோறும் சொல்வது, கவனிக்காமல் விட்ட அடுப்பைத்தான். அங்கே எரிவது வாணலியில் இருக்கும் எண்ணெய். அதற்குத் தோம்பு, குழாய் என்ற வேறுபாடு தெரியாது. அடுப்பை அணைத்து, வாணலியை மூடியால் மூடி, ஆறும்வரை திறக்காமல் இருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றினால் எண்ணெய் நெருப்போடு தெறித்துக் கூரையைத் தொடும். தீபாவளிக்கு முறுக்குச் சுடும் வாரத்தில் இதை இரண்டு வீட்டிலும் உரக்கச் சொல்லிக்கொள்கிறோம்.

எது நல்லது என்று தங்கை கேட்டாள். தனியே இருக்கும் வயதானவருக்குக் குழாய் என்பேன். தோம்பு மாற்றும் அந்தச் சில நிமிடங்கள் அவர்கள் கையில் இருக்க வேண்டாம். அம்மாவின் முழங்காலும் இப்போது குனிய மறுக்கிறது. அவரோ தோம்பை விடமாட்டேன் என்கிறார்: "மூடினா மூடினதுதான், கண்ணுல தெரியுது." சரி. ஸ்ட்ரீட் 21 சமையலறையில் தரையோரம் ஒரு கசிவுக் கருவி வாங்கி மாட்டியாயிற்று. ரெகுலேட்டரில் எழுதிய தேதி இந்த மாதம் ஐந்து ஆண்டை முடிக்கிறது. சனிக்கிழமை தோம்பு கொண்டுவருபவரிடம் புதியதைச் சொல்லி வைத்திருக்கிறேன். அன்று காலை சாமி விளக்கைத் தாமதமாக ஏற்றுவதாக அம்மாவும் ஒத்துக்கொண்டிருக்கிறார்.