கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி: ஒரு பேருக்குள்ள இருக்குற வரலாறு

ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் வயசானவங்க யாரையாவது நிறுத்தி, "ஸ்டான்லிக்கு எப்படிப் போகணும்?"னு கேட்டுப் பாருங்க. "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரியா?"ன்னு திருப்பிக் கேட்கிறவங்க இன்னும் இருக்காங்க. பழைய கோடுல யாரோ எப்பவோ எழுதிவெச்ச கமெண்ட் மாதிரி அந்தப் பேரு அப்படியே நிக்குது. இன்னைக்கு எபிசோட்ல அந்தக் கமெண்டைத்தான் படிக்கப் போறோம்.

1780ல ஹைதர் அலியின் படை கர்நாடகப் பகுதிக்குள்ள நுழைஞ்சது. போர்ல வயல்கள் அழிஞ்சு, பின்னாடியே பஞ்சமும் வந்தது. பசியோட ஜனங்க சென்னைப் பட்டணத்தை நோக்கி நடந்தாங்க. அவங்களுக்காக 1782ல ஒரு சத்திரத்துல கஞ்சி ஊத்த ஆரம்பிச்சாங்க. பேரு மணியக்காரர் சத்திரம். இங்கிலீஷ்காரங்க வாயில அது 'மோனேகர் சவுல்ட்ரி' ஆயிடுச்சு. மணியக்காரர்னா கிராம அதிகாரி.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிங்க. முதல்ல வந்தது டாக்டர் இல்ல, கஞ்சி. பசியில வர்றவங்க நோயோடயும் வந்தாங்க. சோறு போட்ட இடத்துலயே வைத்தியமும் தேவைப்பட்டது. 1799ல ஜான் அண்டர்வுட் என்ற கம்பெனி மருத்துவர் அங்கே ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். நூறு வருஷத்துக்கும் மேல நன்கொடையிலயும் தர்மத்துலயும் ஓடின அந்த இடத்தை, 1910ல அரசு ஏத்துக்கிட்டது. 1938ல ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி உருவானது. ஸ்டான்லிங்கிறது ஒரு முன்னாள் கவர்னரோட பேரு. ஜனங்க வாயில நின்னது என்னவோ கஞ்சித்தொட்டிதான்.

1978ல அல்மா அட்டாவுல உலக நாடுகள் கூடி ஆரம்ப சுகாதாரம்னா என்னன்னு ஒரு பிரகடனம் வெளியிட்டாங்க. சத்தான உணவும் சுத்தமான தண்ணியும் மருத்துவத்தோட பகுதிதான், அதைத் திட்டமிடுறதுல மக்களுக்கும் பங்கு வேணும்னு அதுல இருக்கு. கஞ்சித்தொட்டி வெச்சு அப்போ 196 வருஷம் ஆயிருந்தது!

இதுக்கு நடுவுல வடசென்னையே மாறிப்போச்சு. எண்ணூர்ல லாரி, திருவொற்றியூர்ல மோட்டார் சைக்கிள், மணலியில எண்ணெய் சுத்திகரிப்புன்னு ஆலைகள் வந்தன. மெஷின்ல கை மாட்டுறதும் கூடவே வந்தது. தொழிலாளிக்குக் கை போனா சம்பளம் போச்சு, அப்புறம் வீட்டுல அடுப்பு எரியாது. 1971ல பேராசிரியர் ஆர். வெங்கடசுவாமி ஸ்டான்லியில கை சிகிச்சைக்குன்னே ஒரு தனிப்பிரிவைத் தொடங்கினார். சுத்துவட்டாரத்து ஜனங்களோட வாழ்க்கையைப் பார்த்து ஒரு ஆஸ்பத்திரி தன்னை மாத்திக்கிட்டதுக்கு இது நல்ல உதாரணம்.

அதே காலகட்டத்துல பழைய வண்ணாரப்பேட்டையில டாக்டர் ஜெயச்சந்திரன் ரெண்டு ரூபாய்க்கு வைத்தியம் பார்க்க ஆரம்பிச்சார். பின்னாளில் 'அஞ்சு ரூபாய் டாக்டர்'னு பேர் வந்தது. பெரிய ஆஸ்பத்திரி கிட்டயே இருக்கும்போது இவர் எதுக்குன்னு தோணலாம். தினக்கூலிக்குப் போறவருக்கு வரிசையில நிக்கிற அரைநாள்ங்கிறது அரைநாள் கூலி. அதனால காய்ச்சலைத் தள்ளிப்போடுவார். தெருமுனையில தெரிஞ்ச டாக்டர் இருந்தா முதல் நாளே போயிடுவார். 2018 டிசம்பர்ல அவர் இறந்தபோது அஞ்சலி செலுத்த அவ்வளவு கூட்டம் திரண்டது.

இதைக் கேட்டுட்டு "ஏரியா ஜனங்க ஒத்துமையா இருந்தா போதும் ப்ரோ"ன்னு முடிச்சுடாதீங்க. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு, எண்ணூர் பெரியகுப்பம் பக்கத்துல கடலடிக் குழாய்லேர்ந்து அமோனியா கசிஞ்சது. அதுக்குச் சில வாரம் முன்னாடிதான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெயும் எண்ணூர் கழிமுகத்துல கலந்திருந்தது. கண் எரிச்சலும் மூச்சுத்திணறலுமா ஜனங்க வீட்டை விட்டு ஓடினாங்க. பல பேர் ஆஸ்பத்திரியில சேர்க்கப்பட்டாங்க. அந்த நேரத்துல பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி எழுப்ப ஒரு மனுஷன் வேணும், உண்மைதான். ஆனா குழாயை ஒழுங்கா வெச்சுக்கிறது பக்கத்து வீட்டுக்காரர் வேலை இல்லயே! அது ஆலையோட கடமை. கண்காணிக்கிறது அரசோட கடமை.

என்னைக் கேட்டா, 1782ஐயும் 1910ஐயும் சேர்த்துத்தான் படிக்கணும். கஞ்சி ஊத்துறதுக்கு யாரும் சட்டம் வர்ற வரைக்கும் காத்திருக்கல, அந்த வேகம் வேணும். அதே சமயம் தர்மமா இருக்குற வரைக்கும், நன்கொடை நின்னா வைத்தியமும் நின்னுடும். அரசு ஏத்துக்கிட்ட அப்புறம்தான் அதை நம்ம உரிமைன்னு கேட்க முடியுது.

மணியக்காரர் சத்திரம் இன்னும் இருக்கு, ஆதரவில்லாத முதியவங்களுக்கான இல்லமா. ஸ்டான்லி பக்கம் போனா ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க. அப்புறம் உங்க தெருவுல தனியா இருக்குற பெரியவங்க யார் யாருன்னு தெரியுமா? தெரியலைன்னா இந்த வாரம் தெரிஞ்சுக்கோங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.