ஓவர்க்ளாக்கிங்: மலிவு விலைச் செயலிகளில்

கணினிச் செயலியை, அதனை உற்பத்தி செய்தவர் உறுதி கூறிய துடிப்பு வேகத்துக்கு மேல் ஓடச் செய்யும் உபாயத்துக்கு ஓவர்க்ளாக்கிங் என்று பெயர். ஒரே சிலிக்கன் தட்டில் பிறந்த சில்லுகளும் ஒத்த திறம் வாய்ந்தனவாக அமைவதில்லையாதலால், அவற்றைச் சோதித்துத் தரம் பிரித்து விற்பது உற்பத்தியாளர் வழக்கம். மலிவுச் சரக்குக்குக் கிராக்கி மிகும் காலங்களில் உயர்ந்த சில்லும் தாழ்ந்த முத்திரையோடு கடைக்கு வந்துவிடுவதுண்டு.

இதற்குப் பிரசித்தி பெற்ற உதாரணம் 1998ஆம் ஆண்டு இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ. 66 மெகாஹெர்ட்ஸ் பஸ் வேகத்தை நாலரையால் பெருக்கி 300 மெகாஹெர்ட்ஸில் ஓடிய அச்செயலி, பஸ்ஸை 100க்கு உயர்த்திய மாத்திரத்தில், பெரும்பாலும் வேறு மாற்றம் எதுவும் வேண்டாமலே 450ஐ எட்டிற்று. அத்தகைய அதிர்ஷ்டம் பிறகு அரிதாயிற்று. இன்டெல், பஸ் வேகத்தைப் பெருக்கும் எண்ணாகிய பெருக்கியைப் பூட்டியே வைத்து, 2014ஆம் ஆண்டின் பென்டியம் ஜி3258 போன்ற சில விலக்குகள் நீங்கலாக, அந்தச் சுதந்திரத்தை விலையுயர்ந்த ‘கே’ ரகங்களுக்கே ஒதுக்கியது. 2017இல் வந்த ஏ.எம்.டி.யின் ரைசன் வரிசையிலோ மலிவான செயலிக்கும் பெருக்கி திறந்தே இருந்தது. ஆனால் மதர்போர்டு பி350, பி450, பி550 போன்ற சிப்செட் உடையதாக இருத்தல் வேண்டும். விலை குறைவென்று ஏ320, ஏ520 போர்டு வாங்கியவருக்கு அவ்வழி அடைபட்டதே.

செயலி உமிழும் உஷ்ணம் துடிப்பு வேகத்தின் விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்க விகிதத்திலும் ஏறுகிறது என்பதே இவ்விஷயத்தின் ஆதார விதி. 3.4 கிகாஹெர்ட்ஸில் 1.2 வோல்ட்டில் ஓடும் செயலியை 1.35 வோல்ட் கொடுத்து 3.8க்கு ஏற்றினால், வேகம் 12 சதவீதம் கூட, உஷ்ணமோ சுமார் 41 சதவீதம் கூடுகிறது. இதனோடு ஊரின் சீதோஷ்ணத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். பெங்களூரில் 24 பாகை அறையில் 70 பாகையில் அடங்கி நிற்கும் செயலி, ஜோலார்பேட்டை–சேலம் ரயில் பாதையிலுள்ள சாமல்பட்டியில், சித்திரை மாதத்துப் பிற்பகலில் தகர ஷீட் வேய்ந்த 38 பாகை அறையில், அதே விசிறியோடு 84ஐத் தொடும். சுற்றுக்காற்றின் உஷ்ணம் குறைவின்றி அப்படியே செயலியின் கணக்கில் ஏறுவது இயற்கை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிரானைட் அறுக்கும் பட்டறைகளின் அருகே வசிப்பவர் ஹீட்சிங்கின் இடுக்குகளில் படியும் தூசியையும் கருத வேண்டும். ஆகவே சோதனையை நள்ளிரவில் நடத்தித் திருப்தியடைவது பயனற்றது. கோடைப் பகல் இரண்டு மணியே சரியான முகூர்த்தம்.

முதலில் இயல்பு வேகத்தில் முழுச் சுமையேற்றி உஷ்ணத்தைக் குறித்துக்கொண்டு, அதுவே 80 பாகையைத் தாண்டுமாயின், தெர்மல் பேஸ்ட்டைப் புதுப்பித்தும் விசிறியை மாற்றியும் அதனைத் தாழ்த்திய பின்னரே மேற்கொண்டு போகலாம். பின்பு, மின்னழுத்தத்தைத் தொடாமல், பயாஸில் 50 மெகாஹெர்ட்ஸ் வீதம் ஏற்றி, ஒவ்வொரு படியிலும் பிரைம்95ஐ ஓட்டிப் பார்க்க வேண்டும். மெர்சென் பகா எண்களைத் தேடுவதற்கென்று தோன்றிய இந்த மென்பொருள் தன் கணக்கைத் தானே சரிபார்ப்பதால், செயலியின் பிழையை உடனே காட்டிக்கொடுக்கும். பிழை வந்த இடத்திலிருந்து இரு படி இறங்கி நிற்பதே என் அபிப்பிராயத்தில் விவேகம். கணினி நின்றுபோவதைவிடப் பேராபத்து, நிற்காமலே கோப்புகளைச் சிதைப்பது. ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு உதிரிபாக வரைபடம் தயாரிப்பவருக்கு ஒரு தசமப் புள்ளி பிறழ்ந்தாலும் உருக்கு வீணாகும். ஏற்றியதும் திரை எழாவிடில், மின்தொடர்பைத் துண்டித்து, மதர்போர்டின் நாணய வடிவ பேட்டரியைச் சற்று நேரம் கழற்றி வைத்தால் பழைய அமைப்பு மீளும்.

முதலாம் தலைமுறை ரைசனுக்கு 1.35 வோல்ட்டை நெடுங்கால உபயோகத்தின் எல்லையாகக் கொள்வது பொது வழக்கம். மலிவு மதர்போர்டுகளில் செயலிக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் வி.ஆர்.எம். பகுதிக்கு ஹீட்சிங்க் கூட இராதாகையால், செயலி தாங்கினும் போர்டு தாங்காது போகலாம். மிகையழுத்தத்தின் தீங்கு மெல்ல நேர்வது. 2024இல் இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறைச் செயலிகள் பல ஓவர்க்ளாக் செய்யப்படாமலே, அளவு மீறிய மின்னழுத்தத்தால் சீர்கெட்டமையும், அந்நிறுவனம் மைக்ரோகோடு திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டாண்டு நீட்டித்தமையும் இதற்குச் சான்று.

புதிய செயலிகள் உஷ்ணத்துக்கும் சுமைக்கும் ஏற்பத் தாமே வேகம் கூட்டிக்கொள்வதால், கையால் பெறும் ஆதாயம் இன்று சொற்பமே. பல ரைசன்களில் எல்லாக் கோர்களையும் ஒரே வேகத்தில் நிறுத்தினால், தனிக் கோர் தானாக எட்டும் உச்சத்தை இழக்கவும் நேரும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மலிவுக் கணினியில் ஒற்றை ரேமுக்குப் பதில் இரண்டைப் பொருத்துவது, விளையாட்டுகளுக்கு ஓவர்க்ளாக்கிங்கைவிட மிகுந்த பலன் தரும். பெங்களூர் எஸ்.பி. ரோடு, சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் பழைய செயலி வாங்குவோர், முன்னைய உடையவர் அதனை எவ்வளவு வருத்தினார் என்பதை அறிய வழியில்லாமையால், இயல்பு வேகத்திலேனும் அரை மணி நேரம் பிரைம்95ஐக் கடையிலேயே ஓட்டிப் பார்த்த பிறகு பணம் கொடுப்பது நன்று.